இளையோர் தேசிய அணியின் போட்டிப் பதிவைத் தொகுப்பது எப்படி: இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியை முன்வைத்து

ஒரு நாட்டின் மூத்தோர் கால்பந்து அணியின் வரலாற்றைத் தொகுப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு போட்டியில் ஆடியவர்களில் பாதிப் பேராவது அடுத்த போட்டியிலும் இருப்பார்கள் என்பதால், அட்டவணையின் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது கதை அறுந்துபோவதில்லை. இளையோர் அணியில் சட்டையும் கொடியும்தான் தொடர்கின்றன. அவற்றை அணிந்திருக்கும் பையன்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு மாறிவிடுகிறார்கள். இதை மனத்தில் வைக்காமல் தொகுக்கப்பட்ட பதிவு, எண்கள் அத்தனையும் சரியாக இருந்தாலும், படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். இந்திய ஆண்கள் இளையோர் அணியை எடுத்துக்காட்டாக வைத்து, அத்தகைய பதிவை எப்படித் தொகுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, பிறந்த ஆண்டைக் கண்டுபிடிப்பது. போட்டியின் பெயரில் உள்ள வயதை நம்பித் தொடங்காமல், அந்தப் போட்டிக்கு எந்த நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் ஆடலாம் என்று விதி சொல்கிறது என்பதைப் பாருங்கள். 2016-இல் கோவாவில் நடந்த ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டிக்கும், 2017 அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் பெயரில் ஒரு வயது வேறுபாடு தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களே தகுதியானவர்கள். பள்ளிக்கூட வழக்கில் சொல்வதானால் இரண்டும் ஒரே செட். அதேபோல 2018 ஆசியப் போட்டி 2002 செட்டுக்கும், 2020-இல் நடந்திருக்க வேண்டியது 2004 செட்டுக்கும், 2023 ஆசியக் கோப்பை 2006 செட்டுக்கும் உரியவை. அட்டவணையின் முதல் பத்தியில் போட்டி ஆண்டையும் அதன் அருகிலேயே பிறந்த ஆண்டையும் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

இந்தப் பத்தியை நிரப்பும்போது ஒன்று கண்ணில் படும். 2000, 2002, 2004, 2006 என்று எல்லாமே இரட்டைப்படை ஆண்டுகள். போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த காலத்தில், 2001-இல் பிறந்த ஒரு பையன் தன்னைவிட ஓராண்டு மூத்தவர்களோடு மோதித்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் வயதுக்கென்று ஒரு உலகக் கோப்பை இல்லை. 2025 முதல் ஃபிஃபா இந்தப் போட்டியை 48 அணிகளுடன் ஆண்டுதோறும் நடத்துவதால் இந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. ஆகவே 2025-க்கு முந்தைய வரிகளையும் பிந்தைய வரிகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பெயர் மாற்றங்கள். ஃபிஃபாவின் போட்டி 1985-இல் சீனாவில் 16 வயதுக்குட்பட்டோருக்கானதாகத் தொடங்கி, 1991-இல்தான் 17 வயதுக்குட்பட்டோர் போட்டி ஆனது. ஆசியப் போட்டி 2018 வரை 16 என்ற எண்ணோடு நடந்து, 2023-இல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை என்ற பெயரைப் பெற்றது. தெற்காசியப் போட்டி இன்னும் சிக்கலானது. 2013-இல் 16, 2017-லும் 2019-லும் 15, 2022-இல் கொழும்பில் 17, 2023-இல் திம்புவில் மறுபடியும் 16 என்று வயது வரம்பு ஊஞ்சலாடியிருக்கிறது. இந்த ஐந்திலும் இந்தியாவே கோப்பையை வென்றது. ஆயினும் பெயரை வைத்துத் தேடுகிறவர் இதை மூன்று வெவ்வேறு போட்டிகள் என்று எண்ணி, ஒன்றிரண்டு கோப்பைகளை விட்டுவிடுவார். ஆகவே பெயரைப் பின்தொடராமல், போட்டியை நடத்தும் அமைப்பைப் பின்தொடருங்கள். அந்தந்த ஆண்டில் வழங்கிய பெயரை வரியிலேயே எழுதுங்கள். இன்றைய பெயரைப் பழைய ஆண்டுக்குப் பூசிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, ஆட்டங்களை வகை பிரிக்க வேண்டும். பெரும்பாலான பதிவுகள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன என்பதால் சற்று நின்று பார்ப்போம். போட்டியின் இறுதிச்சுற்று, தகுதிச்சுற்று, வட்டாரப் போட்டி, அழைப்புப் போட்டி, நட்பு ஆட்டம் என ஐந்து தனி அட்டவணைகள் இருந்தால்தான் பதிவு பயன்படும். 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் கோப்பையில் இந்திய 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. தீபக் டாங்ரி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகு, பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அன்வர் அலியின் ஃப்ரீ கிக் இரண்டாவது கோலாயிற்று. எதிரணியின் பயிற்சியாளராக அன்று கோட்டுக்கு வெளியே நின்றவர் லியோனல் ஸ்கலோனி. நான்கு ஆண்டுகள் கழித்து கத்தாரில் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்தவர் அவரே. இப்படி ஒரு வெற்றியைப் பதிவின் உச்சியில் வைக்க எவருக்கும் ஆசை வரும். ஆனால் கோட்டிஃப் ஓர் அழைப்புப் போட்டி. அதே போட்டியில் இந்தியா 0-2 என்று தோற்ற மூர்சியா ஒரு நாடுகூட அன்று. ஸ்பெயினின் ஒரு மாநில அணி. அர்ஜென்டினாவுக்கு எதிரான வெற்றியை மட்டும் எடுத்து எழுதி, மூர்சியாவிடமும் மௌரிடானியாவிடமும் கண்ட தோல்விகளை விட்டுவிடுவது பதிவாகாது, விளம்பரமாகிவிடும். அழைப்புப் போட்டிகளுக்கான அட்டவணையில் நான்கு ஆட்டங்களையும் எழுதுங்கள், எதிரணி எந்த வகை அணி என்பதையும் குறியுங்கள்.

நட்பு ஆட்டங்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2017 மே மாதத்தில், உலகக் கோப்பைக்கான ஆயத்தப் பயணத்தின்போது, இந்திய 17 வயதுக்குட்பட்டோர் அணி இத்தாலியை 2-0 என்று வீழ்த்தியதாகச் செய்தி பரவியது. நானும் என் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதிவைத்தேன். ஓரிரு நாளில், எதிரே ஆடியது இத்தாலியின் தேசிய அணி அன்று, அந்நாட்டின் கீழ்நிலை லீக்கைச் சேர்ந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஒரு தேர்வணி என்று தெரியவந்தது. அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். அடித்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது. அன்று கற்றுக்கொண்ட நடைமுறை எளிது: நட்பு ஆட்டமாக இருந்தால், எதிர்நாட்டுக் கூட்டமைப்பும் தன் தேசிய அணியின் ஆட்டம் என்று அதை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மை தொட வேண்டும்.

இனி எண்ணுவது. ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, அடித்த கோல், வாங்கிய கோல் என்ற ஆறு பத்திகள் போதும். ஆசியப் போட்டியின் இறுதிச்சுற்றில் 2016 முதல் 2023 வரையிலான இந்திய வரிகளைப் போட்டுப் பார்ப்போம். 2016-இல் கோவாவில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2-3 தோல்வி, சவூதி அரேபியாவோடு 3-3 டிரா, ஈரானிடம் 0-3 தோல்வி. ஆகவே வரி 3, 0, 1, 2, 5, 9 என்று அமையும். 2018-இல் மலேசியாவில் வியட்நாமை 1-0 என்று வென்று, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோல் இல்லாமல் டிரா செய்து, காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்றார்கள். வரி 4, 1, 2, 1, 1, 1. 2023-இல் தாய்லாந்தில் வியட்நாமோடு 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. வரி 3, 0, 1, 2, 5, 10. மூன்றையும் கூட்டினால் 10 ஆட்டங்களில் 1 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி, அடித்தது 11, வாங்கியது 20. வெற்றி, டிரா, தோல்வி மூன்றின் கூட்டுத்தொகை ஆட்ட எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்பதை ஒவ்வொரு வரியிலும் சரிபார்த்துவிடுங்கள்; இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான எழுத்துப் பிழைகள் பிடிபட்டுவிடும்.

கூட்டுத்தொகை கணக்கில் சரி என்றாலும், அது யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து ஆட்டங்களில் இருபது கோல் வாங்கிய அணி என்று ஓர் அணி எப்போதும் இருந்ததில்லை. நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் வாங்கிய 2002 செட் ஒன்று இருந்தது. ஜப்பானிடம் ஒரே ஆட்டத்தில் எட்டு வாங்கி, அதே ஆட்டத்தில் நான்கு திருப்பிக் கொடுத்த 2006 செட் ஒன்று இருந்தது. இரு அணிகளுக்கும் பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸ் என்பது பொதுவே தவிர, ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடப் பொது இல்லை. ஆகவே கூட்டுத்தொகை வரியைச் சிறிய எழுத்தில் அடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு செட்டின் வரிக்கும் இடம் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

எந்தச் சுற்று வரை போனார்கள் என்ற பத்தியில் 'காலிறுதி' என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தச் சுற்றில் என்ன பணயமாக இருந்தது என்பதையும் ஒரு சொற்றொடரில் சேர்க்க வேண்டும். 2018 போட்டியில் அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கும் 2019 உலகக் கோப்பையில் இடம் உண்டு. ஆகவே தென்கொரியாவிடம் வாங்கிய அந்த ஒரு கோல், உலகக் கோப்பைக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த கோல். 2017 உலகக் கோப்பையில் இந்தியா ஆடியதோ போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையில். தகுதிச்சுற்றில் வென்று வந்ததால் அன்று. நுழைந்த வழியைக் குறிக்காவிட்டால், உலகக் கோப்பை ஆடிய 2000 செட் உயர்ந்தது, ஆடாத 2002 செட் தாழ்ந்தது என்று அட்டவணை பொய் சொல்லும்.

அந்த உலகக் கோப்பையின் வரி 3, 0, 0, 3, 1, 9. அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. அடித்த கோல் பத்தியில் தனியாக நிற்கும் அந்த ஒன்றுக்குக் குறிப்பு எழுதாமல் விடாதீர்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் 82-ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுவே. கூச்சல் அடங்கும் முன்பே அடுத்த நிமிடத்தில் பெனலோசா கொலம்பியாவின் இரண்டாவது கோலை அடித்துவிட்டார். எண் பத்திக்குள் இவ்வளவும் அடங்காது என்பதால்தான், வரிக்கு வரி அடிக்குறிப்புக்கு இடம் விட்டே அட்டவணையைக் கட்ட வேண்டும்.

சில சிறு வழக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். பெனால்டி ஷூட்-அவுட்டில் முடிந்த ஆட்டம் எண்ணிக்கையில் டிரா. ஷூட்-அவுட்டில் விழுந்தவை கோல் பத்தியில் சேரா. கோப்பை பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தால் 'இணை வாகையர்' என்று எழுத வேண்டும். 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் போட்டியின் இறுதியாட்டம் 2-2 என்று முடிந்து, ஷபீர் அலி தலைமையிலான இந்தியாவும் ஈரானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அதை வெற்றி பத்தியில் சேர்த்தாலும் பிழை, இரண்டாம் இடம் என்று எழுதினாலும் பிழை. ஆசிய வாகையர் ஆகியும் உலகப் போட்டிக்கு ஏன் போகவில்லை என்று படிப்பவர் கேட்பார். ஃபிஃபாவின் இளையோர் உலகப் போட்டி 1977-இல் துனிசியாவில்தான் தொடங்கியது என்பதை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இந்த வரி 17 வயதுக்குட்பட்டோர் அட்டவணையில் வரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கே அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நடக்காத போட்டிக்கும் வரி உண்டு. 2004 செட் தகுதிச்சுற்றைக் கடந்து 2020 ஆசியப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. கொரோனாவால் அது ரத்தானது. பெருவில் நடக்கவிருந்த 2021 உலகக் கோப்பையும் ரத்தானது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் 'தகுதி பெறவில்லை' என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'தகுதி பெற்றது, போட்டி நடைபெறவில்லை' என்று முழுதாக எழுதி, ஆறு எண் பத்திகளிலும் சுழியம் போடாமல் கோடு போடுங்கள். சுழியம் என்பது ஆடித் தோற்றவர்களுக்கு உரியது. இந்தப் பையன்களை ஆடவே விடவில்லை.