ஆடும் கோடாலியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்: விறகு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடாலித் தலை ஆடத் தொடங்கியதும் பலரும் அதை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவைக்கிறார்கள். காலையில் இறுகித்தான் இருக்கும். ஆனால் ஊறி உப்பிய மரநார் இரும்புத் துளைக்குள் இடமில்லாமல் நசுங்கிவிடுகிறது. காய்ந்த பின் காம்பு முன்னைவிட மெலிந்து, ஆட்டம் இன்னும் கூடுகிறது. ஓங்கும்போது தலை கழன்றால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

தலை கீழே தொங்கும்படி கோடாலியைப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடிமுனையைச் சுத்தியலால் தட்டுங்கள். தலை காம்பில் மேலும் ஏறி இறுகும். தலைக்குள் காம்பின் முனையில் அடித்திருக்கும் பழைய ஆப்பு தளர்ந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த கடின மரத்தில் புதிய ஆப்பு செதுக்கி அடிக்க வேண்டும். ஆப்புக்குப் பதில் ஆணி அடிப்பவர்கள் காம்பைப் பிளந்துவிடுகிறார்கள். காம்புக்கு வார்னிஷும் வேண்டாம், உள்ளங்கை கொப்பளிக்கும். ஆளி விதை எண்ணெய் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றும்.

தீட்டுவதில் பெருந்தவறு அவசரம். மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் வாய் நீலம் பாயும். நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அரம்தான் நல்லது. கையுறை போட்டுக்கொண்டு முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இருபுறமும் சமமாகத் தேய்த்து, கடைசியில் சாணைக்கல்லால் பிசிரை எடுக்க வேண்டும். மரம் வெட்டும் கோடாலிக்கு 25 முதல் 30 பாகை வரை சரி. பிளக்கும் கோடாலிக்குக் கோணம் இன்னும் கூடுதலாக இருக்கட்டும். கத்தி போல மெல்லியதாக்கினால் கணுவில் பட்டதும் வாய் சில்லு பெயரும்.

வெறுந்தரையில் கட்டையை வைத்துப் பிளந்தால், தவறும் அடி கல்லில்தான் விழும். முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை வேண்டும். கால்களைத் தோளகலம் விரித்து நின்று, அடி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கினால் கோடாலி நேராக இறங்கும், கால் பக்கம் வளையாது. பெரிய உருளையை நடுவில் தாக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள வெடிப்பைப் பார்த்து, ஓரத்திலிருந்து பிளந்துகொண்டே வாருங்கள். கோடாலி சிக்கினால் அதன் பின்புறத்தில் சம்மட்டியால் அடிப்பது வேண்டாம்: துளை விரியும், எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிக்கும். தலை நசுங்கி ஓரம் விரிந்த இரும்பு ஆப்பையும் அந்த விளிம்பை அரைத்து எடுக்காமல் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இரு முனையும் தாங்கியிருக்கும் கட்டையை மேலிருந்தே அறுத்து முடித்தால் ரம்பம் சிக்கும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுங்கள்.

உருளையாகவே காயட்டும் என்று விடுவதும் வீண் காத்திருப்பு. பட்டை ஈரத்தை வெளியே விடாது. பெரும்பாலும் வெட்டுமுனை வழியாகத்தான் அது வெளியேறும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே துண்டாக்கிப் பிளந்து, தரையிலிருந்து 10 செ.மீ. உயர்த்தி அடுக்குங்கள். அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே எரிக்க வேண்டும். அதற்கு முன் எரித்தால் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோய், புகைபோக்கியில் தார் படியும். பின்னாளில் அந்தத் தாரே தீப்பிடிக்கும். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் அளவிடுங்கள்.