வினைல் தரை பதிப்பதற்கு முன் அடித்தரையைப் பக்குவப்படுத்துதல்

வினைல் பலகையும் வினைல் டைலும் பெரும்பாலும் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை மட்டுமே கனமுள்ளவை. கனமான கல்லோ மரப்பலகையோ தனக்குக் கீழுள்ள சிறு குழியைத் தன் விறைப்பினால் மறைத்துவிடும். வினைலால் அது முடியாது. ஒட்டும் வகையில் வரும் மெல்லிய வினைலுக்கு அடியில் ஒரு மணல் பருக்கை சிக்கியிருந்தால்கூட, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் அது மேற்பரப்பில் கொப்புளம்போலத் தெரியும். ஆகவே மொத்த வேலை நேரத்தில் பாதிக்கும் மேல் அடித்தரைக்கே செலவானாலும், அதை வீண் என்று கருத வேண்டாம்.

முதலில், இப்போது தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பளம், மெத்தை போன்ற அடிப்பகுதி கொண்ட பழைய வினைல், ஒட்டாமல் மிதக்கவிட்ட லேமினேட் ஆகிய மூன்றையும் எடுத்தே ஆக வேண்டும். செராமிக் டைல் உறுதியாகப் பற்றியிருந்தால் அதன்மேலேயே வேலை செய்யலாம். ஆனால் ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிப்பதைப் பெயர்த்து நிரப்பிவிட்டு, டைல்களுக்கு இடையிலுள்ள இணைப்புப் பள்ளங்களையும் சிமென்ட் பூச்சினால் தரையோடு சமமாக அடைக்க வேண்டும். அவ்வாறு அடைக்காவிட்டால் பழைய டைலின் கட்டங்கள் புதிய தரையிலும் தடம் பதிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980-களிலோ அதற்கு முன்போ போடப்பட்ட வினைல் டைல்களிலும், குறிப்பாக 9 அங்குலச் சதுர டைல்களிலும், அவற்றை ஒட்டிய தார் போன்ற கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தகைய தரையைச் சுரண்டவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. முதலில் ஆய்வகச் சோதனை, பிறகுதான் மற்றவை. ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் நுரையீரலுக்குள் சென்றால் எளிதில் வெளியேறுவதில்லை, நோயும் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதால், இந்த ஒரு இடத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது ஈரம். வினைல் தரைகள் கெடுவதற்கு ஈரமே தலையாய காரணம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணுக்குத் தெரியாததாலேயே அதைப் பலரும் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். புதிய கான்கிரீட் இறுகிய பிறகு, நல்ல காற்றோட்டமும் மிதமான வெப்பமும் இருந்தால், சுமார் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது தொழிலில் வழங்கிவரும் பொதுக் கணிப்பு. அப்படிப் பார்த்தால் 100 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்துக்கு நான்கு மாதங்கள் ஆகும், குளிரும் மழையும் சேர்ந்தால் இன்னும் கூடும். மேற்பரப்பு வெளுத்து உலர்ந்ததுபோல் தெரிவது எதையும் நிரூபிக்காது, ஏனெனில் ஈரம் அடியில் தங்கியிருக்கும். காற்றுப் புகாத வினைலால் தளத்தை மூடியதும், அடியிலுள்ள ஈரம் மெல்ல மேலேறித் தளம் முழுவதும் ஒரே சீராகப் பரவிவிடும்.

இதனால்தான் நம்பத்தக்க சோதனை தளத்துக்கு உள்ளேயே செய்யப்படுகிறது. ஒரு பக்கமாக மட்டும் உலரும் தளத்தில் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, அதில் உணர்கருவியைப் பொருத்தி மூடி, குறைந்தது 24 மணி நேரம் கழித்து உள்ளிருக்கும் ஒப்பு ஈரப்பதத்தை அளக்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பின் எஃப்-2170 தரநிலை இம்முறையை விவரிக்கிறது. முதல் 1000 சதுர அடிக்கு மூன்று இடங்களிலும், அதற்கு மேல் ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் ஓர் இடத்திலும் சோதிக்கச் சொல்கிறது. எவ்வளவு ஈரம் ஏற்கத்தக்கது என்பது பசைக்குப் பசை, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், நீங்கள் வாங்கிய பொருளின் கையேட்டில் உள்ள எண்ணையே வரம்பாகக் கொள்ளுங்கள். கருவி கைக்கு எட்டவில்லையென்றால், 18 அங்குலச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் நாடாவால் இறுக ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலையை நிறுத்த வேண்டும். ஆனால் தாளின் அடி உலர்ந்திருப்பதை மட்டும் வைத்துத் தளமே உலர்ந்துவிட்டது என்று முடிவு செய்துவிட முடியாது.

ஏறும் ஈரம் கான்கிரீட்டின் காரத்தையும் கூடவே கொண்டுவரும். அந்தக் காரம் பசையை இளகச் செய்து, பலகைகளின் ஓரங்களைக் கிளப்பிவிடும். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது இதற்கு வெளிப்படையான அறிகுறி. அது இல்லாத இடத்திலும் மேற்பரப்பைச் சுத்தமான நீரால் நனைத்துப் காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாளால் சோதிப்பது நல்லது.

பலகைகளை ஒன்றோடொன்று கோத்துக் கிளிக் முறையில் பூட்டும் வினைலுக்குத் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, எனவே ஈரச் சோதனை வேண்டாம் என்று சொல்வாருண்டு. பலகைக்கு ஒன்றும் ஆகாது என்பது மெய்தான். ஆனால் அதற்கு அடியில் அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வீடு முழுதும் ஓத வாடை வீசும். ஆகவே அங்கும் சோதனை தேவை. ஈரம் வரம்பை மீறினால் முதலில் குழாய்க் கசிவு, வெளிப்புற வடிகால் போன்ற மூலத்தைத் தேடிச் சரிசெய்து, பின் உலரக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வழியில்லாத இடத்தில் இரண்டு கூறு எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு உதவும்.

ஈரம் சரியென்று உறுதியான பிறகே சமதளத்தைப் பார்க்க வேண்டும். மட்டமாக இருப்பது வேறு, சமதளமாக இருப்பது வேறு. அறையின் ஒரு மூலை மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தாலும், சரிவு ஒரே சீராக இருந்தால் வினைலுக்குக் கேடில்லை. இடையிடையே வரும் மேடும் பள்ளமுமே கேடு. நேரான நீண்ட மட்டப்பலகையை நிமிர்த்தி வைத்து எல்லாத் திசைகளிலும் நகர்த்திப் பாருங்கள். 3 மீட்டர் நீளத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் கேட்கும் அளவு. கிளிக் பலகைகளுக்கும் இது பொருந்தும். பள்ளத்தின் மேல் நடக்கும்போதெல்லாம் இணைப்பு மடங்கி மடங்கி, இறுதியில் பூட்டு உடைந்துவிடும். மெத்தையான விரிப்பை அடியில் போட்டுப் பள்ளத்தை மறைக்க முயல்வது இதைத் தடுக்காது, விரைவுபடுத்தும்.

மேடு பள்ளங்களைக் குறியிடும்போது பென்சிலையோ சுண்ணக்கட்டியையோ மட்டும் பயன்படுத்துங்கள். அழியா மை, எண்ணெய்ப் பெயின்ட் ஆகியவை வினைலின் வழியே மெல்ல ஊறி மேலே கறையாக வெளிப்படும். அதைத் துடைத்து எடுக்கவே முடியாது.

மேட்டைத் தேய்ப்பதற்கு, உறிஞ்சும் கருவி பொருத்திய கிரைண்டரே ஏற்றது. கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும் தன்மை கொண்டதால், துணியைக் கட்டிக்கொள்வது போதாது. துகள்களை வடிகட்டும் தகுந்த முகமூடி வேண்டும். பள்ளத்தை நிரப்புவதற்கு முன் ஓர் ஆணியால் தரையைக் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால், கான்கிரீட்டின் மேல் ஆடைபோல் படிந்த வலுவற்ற படலம் இன்னும் இருக்கிறது என்று பொருள், அதைத் தேய்த்து அகற்றியாக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியான பழைய பசையைச் சுரண்டியே எடுங்கள்; பசை கரைக்கும் திரவங்கள் கான்கிரீட்டுக்குள் இறங்கித் தங்கி, பிறகு புதிய பசையைக் கெடுக்கும். பிறகு ஒரு நீர்த்துளி விடுங்கள்: அது ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சப்பட்டால் தரை நீரை ஈர்க்கும் வகை, முத்தாக நின்றால் ஈர்க்காத வகை. இரண்டுக்கும் வெவ்வேறு ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு உண்டு.

தானாகச் சமன்படும் சிமென்ட் கலவையைப் பயன்படுத்துவதாயின், தண்ணீரைப் பையில் எழுதியுள்ளபடி அளந்தே ஊற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் இளகலாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் மணல் அடியில் தங்கி, மேலே பொடியும் படலம் உருவாகி, நீங்கள் தேய்த்து அகற்றிய அதே கோளாறு திரும்பி வரும். கலவை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்குவதால், குழாய்த் துளைகளையும் சுவரோர இடுக்குகளையும் முன்பே அடைத்துவிட்டு, ஒருவர் கலக்க மற்றவர் ஊற்றிப் பரப்புமாறு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அசையாத பழைய விரிசலை நிரப்பலாம். கட்டடம் அசைவதற்காக விடப்பட்ட விரிவு இணைப்பை மட்டும் நிரப்பி மூடிவிடக்கூடாது. அதற்குரிய இணைப்புப் பட்டையையே பொருத்த வேண்டும்.

அடித்தரை மரமாக இருந்தால் நடந்து பார்த்து, கிறீச்சிடும் இடமெல்லாம் கீழுள்ள சட்டத்தோடு திருகாணியால் இறுக்குங்கள். தலைதூக்கிய ஆணிகளை உள்ளே அடித்து இறக்குங்கள். அதன்மேல் குறைந்தது 6 மில்லிமீட்டர் கனமுள்ள, தரை அடித்தளத்துக்கென்றே விற்கப்படும் பிளைவுட்டைப் பரப்பி, அதன் இணைப்புகள் அடியிலுள்ள இணைப்புகளோடு ஒரே கோட்டில் வராதபடி மாற்றி அமைத்து, இணைப்புக் கோடுகளைப் பூசித் தேய்த்துவிட வேண்டும். மரத்தரைக்கு அடியில் மண் தெரியும் வெற்றிடம் இருந்தால், மண்ணின்மேல் பாலித்தீன் தாள் விரித்துக் காற்றோட்டமும் ஏற்படுத்த வேண்டும்.

வினைல் பெட்டிகளை இரண்டு நாட்களுக்கு முன்பே அறையில் கொண்டுவந்து, கிடைமட்டமாக அடுக்கி வையுங்கள். அறையின் வெப்பம் அதற்குள் பலகைகளில் ஏறிவிடும். பதிக்கும் நாள் காலையில் தரையை உறிஞ்சும் கருவியால் இருமுறை சுத்தம் செய்து, வெறும் உள்ளங்கையால் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பாருங்கள். கையில் வெண்பொடி ஒட்டினால் மீண்டும் சுத்தம் செய்யுங்கள். ஏதேனும் நெருடினால் கத்தியால் சுரண்டுங்கள். கை சுத்தமாகத் திரும்பினால் சுண்ணக் கயிற்றை எடுத்து முதல் கோட்டைப் போடலாம்.