காகிதத்தை விட்டு விலகாதீர்கள்: ஹேஷ் ஓட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டிலும் தோட்டத்திலும் காகிதத் தடத்தைப் பின்பற்றிக் கூட்டமாக ஓடும் ஹேஷ் குழுக்கள் கோலாலம்பூரைச் சுற்றி உள்ளன. அவற்றுக்கு அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் பலர் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலோர் சாலை ஓட்டத்தில் பழகியவர்கள். பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடியவர்கள். ஆனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆனதும் அவர்கள் செய்யத் தொடங்கும் தவறுகள், பழைய உறுப்பினர்களாகிய நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளாகவே இருக்கின்றன. தண்ணீர் குடியுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடாதீர்கள், அட்டை கடித்தால் பதறாதீர்கள் என்பனவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

ஹேஷ் என்பது பந்தயம் அன்று என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். 1938இல் கிஸ்பெர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் கோலாலம்பூரில் தொடங்கிய இந்த ஓட்டத்தில் வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. ஹேர் எனப்படுபவர் முன்கூட்டியே காட்டுக்குள் சென்று காகிதத் துண்டுகளைப் போட்டு ஒரு பாதை அமைத்துவிடுவார். ஆங்காங்கே அந்தக் காகிதம் வேண்டுமென்றே அறுந்துபோகும். அந்த இடத்துக்குச் செக் என்று பெயர். முன்னால் ஓடியவர்கள் அங்கே நான்கு பக்கமும் சிதறித் தேட, பின்தங்கியவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பாதையைக் கண்டவர் "ஆன் ஆன்" என்று குரல் கொடுத்ததும் கூட்டம் மீண்டும் ஒன்றாக நகரும். வேகமானவரையும் மெதுவானவரையும் ஒரே கூட்டமாக வைத்திருப்பதற்கென்றே வகுத்த முறை இது. சாலையில் ஓடிப் பழகியவருக்குச் செக் எரிச்சலூட்டுகிறது. கீழே சொல்லப்போகும் பெருந்தவறு பெரும்பாலும் அந்த எரிச்சலில்தான் பிறக்கிறது.

காகிதத்தை விட்டுத் தனியே திரும்புவது

உலு லங்காட் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல உடல்வாகு கொண்ட ஓர் இளைஞர், இரண்டாவது செக்கில் கால் மணி நேரம் தேடியும் காகிதம் கிடைக்காத நிலையில், கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். நேர்கோட்டில் 800 மீட்டர் தொலைவில் தார்ச்சாலை தெரிந்தது. யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் கிளம்பிவிட்டார். இருட்டியதும் எல்லாரும் வெளியே வந்து பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தபோது அவர் பெயர் மட்டும், வந்துவிட்டார் என்று அடிக்கப்படாமல் இருந்தது. அவருடைய கார் போட்ட இடத்திலேயே நின்றது. கார் நிற்கிறது என்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று பொருள். ஹேரும் இன்னும் சிலரும் விளக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். மழை பிடித்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். தீயணைப்பு மீட்புத் துறையை அழைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவர் எப்படியோ அந்த இளைஞரின் அக்காள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். மறுமுனையில் அந்த அம்மா வெகு இயல்பாக, "தம்பி அப்பவே வந்து சாப்பிட்டுப் படுத்துட்டானே, அண்ணே" என்றார். வேறொரு பக்கமாகக் கிராமத்துச் சாலையில் வெளிவந்தவர், வாடகைக் கார் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். தம் காரை மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

அவர் நலமாக இருந்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் இன்றுவரை அதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. இருட்டில், மழையில், வழுக்கும் மண்ணில் அவரைத் தேடி நடந்தவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள்.

இந்தக் குறுக்குவழி ஆசை ஏன் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதையும் விளக்க வேண்டும். வரைபடத்தில் தெரியும் 800 மீட்டர் நடக்கும்போது 800 மீட்டராக இருப்பதில்லை. செம்பனை மரங்களைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நிரை பிடித்து நட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சிதான், அடையாளம் வைத்துக்கொள்ள எதுவும் இராது. வெட்டிய மட்டைகளை இரு நிரைகளுக்கு நடுவே குவித்து வைப்பது தோட்ட வழக்கம். அவற்றின் காம்புகளில் முள் இருக்கும். நிரையின் போக்கிலேயே நடந்தால் சிரமம் தெரியாது. நிரையைக் குறுக்கே கடப்பவர் அந்த முட்குவியல்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியாக வேண்டும். மேட்டு நிலமாக இருந்தால் நிரைகள் குன்றைச் சுற்றிப் படிப்படியாக வளைந்து செல்லும். நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டே குன்றைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த நிலமாக இருந்தால் ஆழமான வடிகால்கள் குறுக்கிடும். நெடுஞ்சாலையின் இரைச்சலை வைத்துத் திசை கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பள்ளத்தாக்கில் அந்த இரைச்சல் எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கமிருந்தும் வருவது போலவே கேட்கும்.

பினாங்கில் நிலைமை இன்னும் கடினம். அங்கே குன்றுகள் கருங்கல் பாறைகளால் ஆனவை. ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற கணக்கு, திடீரென்று காலடியில் செங்குத்தாக இறங்கும் பாறையில் போய் முடியும். அதற்குள் வெளிச்சமும் போயிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அதனால்தான் இங்கே சூரியன் இவ்வளவு தாமதமாக மறைகிறது. கோலாலம்பூரில் நவம்பர் தொடக்கத்தில் மாலை 7 மணியை ஒட்டியும், பிப்ரவரியில் 7.30 மணியை ஒட்டியும் மறையும். 6 மணிக்கு ஓட்டம் தொடங்கும்போது வெயிலைப் பார்த்து, இன்னும் வெகுநேரம் இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் சாய்வாக இறங்காமல் ஏறத்தாழ நேராகவே கீழே இறங்குவதால், மறைந்த பின் அந்தி வெளிச்சம் இருபது நிமிடம் அளவே தாக்குப்பிடிக்கும். மரக்கூரையின் கீழ் அதுவும் கிடையாது. வெளியே இன்னும் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் என்ன செய்வது? கடைசியாகக் கண்ட காகிதத்தின் அருகில் நில்லுங்கள். குரல் கொடுங்கள். பதில் இல்லையென்றால் வந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பி நடங்கள். எவ்வளவு நீளமாகத் தோன்றினாலும் அந்த ஒரு வழிதான் உங்களைக் கார் நிற்கும் இடத்துக்கு உறுதியாகக் கொண்டுவந்து சேர்க்கும். தேடி வருபவர்களும் காகிதத்தின் வழியேதான் வருவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த பாதை அது மட்டுமே. அதன்மேல் நிற்பவர் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கப்படுவார். அதைவிட்டு ஐம்பது மீட்டர் விலகியவரை இருட்டில் யாராலும் காண முடியாது. ஒரு விசில் வைத்திருங்கள். மும்மூன்று முறையாக ஊதினால் ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள். எந்த வழியாக வெளியே வந்தாலும், குளிப்பதற்கு முன்பே பட்டியல் வைத்திருப்பவரிடம் உங்கள் பெயரை அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய காகிதத்தைப் பார்த்து "ஆன் ஆன்" என்பது

ஒரே தோட்டத்தைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன. போன வாரம் வேறொரு குழு போட்ட காகிதம் மழையில் நனைந்து, மண்ணில் ஒட்டி, பழுப்பேறிக் கிடக்கும். புதியவர் அதைக் கண்டதும் உற்சாகத்தில் குரல் கொடுத்துவிடுவார். அவரை நம்பி முப்பது பேர் மேடேறி வருவார்கள். இன்று போட்ட காகிதம் இலைகளின் மேல் காய்ந்து வெளுப்பாகக் கிடக்கும். ஒரு துண்டு போதாது. தொடர்ந்து அடுத்தடுத்த துண்டுகளைக் கண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். "ஆர் யூ?", அதாவது பாதை கிடைத்ததா என்று பின்னாலிருந்து கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் ஓடுவதும் இதே வகைக் குற்றம்தான். காகிதம் கிடைக்கவில்லையென்றால் "செக்கிங்", அதாவது இன்னும் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதில் மானம் ஒன்றும் போய்விடாது.

விளக்கில்லாமல் வருவது

வெயில் கொளுத்தினாலும் தலைவிளக்கு உடன் இருக்க வேண்டும். கைப்பேசி விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விலை உயர்ந்த காலணி

சாலைக்கென்று செய்த மெத்தென்ற காலணி செம்மண் சரிவில் வழுக்கும், நனைந்தால் கனக்கும். பால்மரம் சீவுபவர்கள் அணியும் கறுப்பு ரப்பர் காலணி, அதாவது கம்போங் அடிடாஸ், அடியில் குமிழ்களோடு மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பழைய உறுப்பினர்கள் உங்களைத் தாண்டி இறங்குவதை முதல் நாளிலேயே பார்ப்பீர்கள்.

டுரியான் பருவத்தில் தோப்புக்குள் நுழைவது

நுழையாதீர்கள். பழம் விழும், தோப்புக்காரரும் வருவார்.

கார்ச் சாவியைக் காட்டுக்குள் எடுத்துச் செல்வது

நால்வர் ஒரே காரில் வந்திருந்து, சாவி வைத்திருப்பவர் கடைசி ஆளாக வந்தால், மற்ற மூவரும் ஈர உடையோடு கொசுக்கடியில் நிற்க வேண்டியதுதான். வெளியே காத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

காயத்தோடு ஓடையில் இறங்கி, பிறகு மறந்துவிடுவது

முள் கீறிய காலை ஓடைத் தண்ணீரில் கழுவுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எலிச் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயத்தின் வழியே எலிக்காய்ச்சலைத் தரக்கூடியவை. கொண்டுவந்த சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டு மீண்டும் கழுவுங்கள். நோய் உடனே தலைகாட்டாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே காய்ச்சல், தசைவலி, கண்சிவப்பு என்று தொடங்கும். அதற்குள் ஓட்டம் நினைவிலிருந்து போயிருக்கும். டெங்கியாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். மருத்துவரிடம் போகும்போது, எந்த நாளில் எந்தத் தோட்டத்து ஓடையில் இறங்கினீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.