பழைய மோட்டார் வாங்கும்போது விலையில் கோட்டை விடும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் பழைய மோட்டார் கைமாற கடையே தேவையில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கிற வண்டியைக் காட்டி, "அண்ணே, 3,500 வெள்ளி (ரிங்கிட்), உங்களுக்காக 3,300" என்பார் ஒருவர். நீங்கள் 3,000 கேட்பீர்கள். 3,200-இல் முடியும். 300 வெள்ளி குறைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு ஓட்டி வருவீர்கள். அந்த 3,500 எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விற்பவர் சொன்ன தொகையிலிருந்து கீழே இறங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகிறது. வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டே பகுதிகள்: அதே ரகம், அதே வயது வண்டி இந்த வட்டாரத்தில் என்ன விலைக்குப் போகிறது, இந்த ஒரு வண்டி அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது.

விளம்பர விலையை விற்ற விலை என்று நினைப்பது

முடா என்ற இணைய விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் நீங்கள் காண்பது கேட்கும் விலை. நல்ல விலைக்குப் போட்ட வண்டி சீக்கிரம் விற்றுப் போய் விளம்பரமும் காணாமல் போகும். விலை அதிகமானவை வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆகவே ஒரே நாளில் தேடினால் கண்ணில் படுவதில் பாதி விற்காத சரக்கு. ஒரே மாடலில் எட்டுப் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக உயர்ந்த இரண்டையும் ஆகக் குறைந்த இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தால் எவை போயிருக்கின்றன, எவை விலை இறங்கியிருக்கின்றன என்று தெரியும். போனவற்றின் விலைதான் சந்தை விலைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

பக்கத்து நகரான ஈப்போ விளம்பரங்களையும் சேர்த்துப் பாருங்கள்; ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கு (கோலாலம்பூர் வட்டாரம்) விலையை இங்கே கொண்டுவந்து வாதாட வேண்டாம். அங்கே போய் வண்டி எடுக்கும் செலவும் ஒரு நாள் சம்பளமும் அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

வருடத்திலும் ஒரு பொறி உண்டு. கிராண்டில், அதாவது வண்டியின் உரிமைப் பதிவு ஆவணத்தில், தயாரித்த ஆண்டும் பதிவு செய்த தேதியும் தனித்தனியாக இருக்கும். 2019-இல் தயாரித்து 2020-இல் பதிவான வண்டியை விற்பவர் "2020 மாடல்" என்பார். ஒப்பிடும்போது எல்லா வண்டிக்கும் ஒரே ஆண்டையே அளவாக வையுங்கள்.

புது வண்டியோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். பழைய வண்டியின் விலையைப் புது வண்டியின் அடிப்படை விலையோடு வைத்துப் பார்க்கக் கூடாது. பதிவு, இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் சேர்ந்து ரோட்டில் இறங்கும் விலை எவ்வளவோ, அதுதான் ஒப்பீட்டுக்கு உதவும்.

மீட்டரை நம்புவது, அதுவும் தோட்டத்து வண்டியில்

ஹோண்டா ஈஎக்ஸ் 5 போன்ற பழைய கப்சாய்களில் (சிறிய ரக மோட்டார்களில்) மீட்டர் முன் சக்கரத்திலிருந்து வரும் கேபிளில் ஓடுகிறது. கேபிள் அறுந்தால் எண் அப்படியே நிற்கும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டரை மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. எண்ணைப் பார்ப்பதை விட, மாற்ற யாரும் மெனக்கெடாத இடங்களைப் பாருங்கள்: கியர் மிதியின் ரப்பர், கால் வைக்கும் ரப்பர், பிரேக் மிதியின் விளிம்பு, சாவித் துவாரத்தைச் சுற்றிய தேய்மானம். மீட்டரில் 18,000 இருந்து, கியர் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தால் எது பொய் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

மீட்டர் உண்மையே சொன்னாலும் தோட்டத்துக்குள் ஓடிய கிலோமீட்டரும் பட்டண ரோட்டில் ஓடிய கிலோமீட்டரும் ஒன்றில்லை. செம்பனை (பாமாயில் மரம்) காட்டுப் பாதையில் வண்டி நாள் முழுக்க ஒன்றாம், இரண்டாம் கியரில் ஊர்கிறது. அதே தூரத்துக்கு என்ஜின் பல மடங்கு அதிகமாகச் சுற்றுகிறது, கிளட்ச் ஓயாமல் பிடித்து விடுகிறது. "10,000தான் ஓடியிருக்கு, தோட்டத்துக்குள்ளேயே இருந்துச்சு" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதை விலை குறைக்கும் காரணமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வண்டியை அடையாளம் காண்பது கடினமில்லை. முற்றிய செம்பனை மரத்தின் ஒரு பழக்குலை 20 கிலோவையும் தாண்டும். அப்படி நாலைந்தைப் பின்னால் ஏற்றிய வண்டியில் பின் கேரியர் ஒட்டுகள், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், பின் ரிம் ஆகியவை முதலில் அடிபடும். சீட்டைத் தூக்கிச் சேசிஸில் புது வெல்டிங் இருக்கிறதா பாருங்கள். புதுப் பெயின்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். பின்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தால் வண்டி பாரம் இழுக்கவோ மேடு ஏறவோ பயன்பட்டிருக்கக்கூடும்.

துரு இன்னும் மோசம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் உப்பு வகை. மூட்டையிலிருந்து சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். ரப்பர் தோட்டமானால் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், உறையாமல் வைக்கச் சேர்க்கும் அமோனியாவும் இருக்கின்றன. அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும்; அதனால் வயர் இணைப்புகள் பச்சை பூத்து, இன்று எரிகிற விளக்கு நாளை எரியாது. பேட்டரி வைக்கும் தட்டின் அடி, சக்கரக் கம்பிகள் ரிம்மில் நுழையும் முனை, சைலன்சரின் அடிவயிறு, ஸ்விங் ஆர்மின் உட்பக்கம் ஆகிய நான்கையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். மேலே பளபளப்பாக பாலிஷ் போட்ட வண்டிகள் தோற்பது இங்கேதான்.

சூடான என்ஜினைக் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்பது

நீங்கள் போகும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் அன்றைக்கு என்ஜினைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வந்து நின்றால் பொதுவாக வால்வ் சீல். முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் பிளாக் தேய்மானம். செலவு பல மடங்கு. தண்ணீரில் குளிரும் யமஹா எல்சி 135, ஒய் 15 போன்றவற்றில் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, என்ஜின் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் உள்ளே போகிறது. விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு மேடு தேடுங்கள். மேல் கியரில் முறுக்கினால் என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ் இரண்டில் ஒன்று. பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினை விரலால் இழுங்கள்; பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டை ஆழமாக இருந்தும் டயர் கிழடாக இருக்கலாம்.

எல்லாவற்றையும் முழுதாகக் கழிப்பது

இது கொஞ்சம் விவரமான வாங்குபவர் செய்யும் தவறு. பட்டறையில் விலை கேட்டு, டயர் இவ்வளவு, செயின் இவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டிச் சந்தை விலையிலிருந்து அப்படியே கழித்துவிடுவார். விற்பவர் கோபித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நியாயம் அவர் பக்கம்தான். சந்தையில் இருக்கும் சராசரிப் பழைய வண்டிக்கும் டயர் பாதி தேய்ந்துதான் இருக்கும். அந்தத் தேய்மானம் சந்தை விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. நீங்கள் புது டயர் போட்டால் அதன் முழு ஆயுளும் உங்களுக்கு.

எனவே தேயும் சாமான்கள் தீர்ந்திருந்தால் புது விலையில் பாதியை மட்டும் கழியுங்கள். சராசரி வண்டியில் இருக்கக் கூடாத கோளாறுகளை, அதாவது ஆயில் ஒழுக்கு, பேரிங் ஆட்டம், புகை, வளைந்த ரிம் போன்றவற்றை, கூலியோடு முழுதாகக் கழியுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு (தொகைகள் வழிமுறையைக் காட்டத்தான், உங்கள் பட்டறை சொல்லும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்):

நடு விலை 3,100 ரிங்கிட்.
இரண்டு டயரும் மொட்டை, புதிது 160, கழிப்பது 80.
செயின் செட் தீர்ந்தது, புதிது 110, கழிப்பது 55.
முன் ஃபோர்க் ஆயில் சீல் ஒழுக்கு, முழுதாக 70.
ஸ்டியரிங் பேரிங், முழுதாக 60.
வால்வ் சீல், கூலியோடு, முழுதாக 150.

மொத்தம் 415. மீதி 2,685. ஆக 2,700 உங்கள் மேல் வரம்பு, 2,500 உங்கள் முதல் பேச்சு. என்ஜினைத் திறந்தால் வேறு என்ன தெரியும் என்று மெக்கானிக்கே தயங்கினால், முதல் பேச்சை இன்னும் கீழே வையுங்கள்.

இன்சூரன்ஸையும் பெயர் மாற்றும் செலவையும் இதில் கழிக்க வேண்டாம். எந்த வண்டி வாங்கினாலும் அவை உண்டு. உங்கள் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்குங்கள். "ரோட் டெக்ஸ் ஒரு வருஷம் இருக்கு" என்பதற்காக விலை ஏற்றுகிறவரும் உண்டு. 150 சிசி வரை ரோட் டெக்ஸ் ஆண்டுக்கு 2 ரிங்கிட். காசு ஆவது இன்சூரன்ஸில். அது விற்பவர் பெயரில் இருக்கிறது, அவருடைய நோ கிளெய்ம் தள்ளுபடியும் (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைப்பது) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

மாற்றியமைத்த வண்டிக்குக் கூடுதல் கொடுப்பது

எல்சி 135-இன் கம்பெனி பிஸ்டன் 54 மில்லிமீட்டர், ஒய் 15-க்கு 57. அதற்கு மேல் பெரிய பிளாக் போட்டிருந்தால், "2,000 வெள்ளிக்குச் சாமான் போட்டிருக்கேன் தம்பி" என்பார் விற்பவர். போட்டிருக்கலாம். உங்களுக்கு வருவது கூடுதல் சூடும், குறைந்த ஆயுளும், ரோட்டு சோதனையில் பதில் சொல்ல வேண்டிய சைலன்சரும். பழைய கம்பெனி சாமான்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் நடு விலை. இல்லையென்றால் அவற்றை வாங்கும் செலவைக் கழியுங்கள்.

கிராண்டைக் கடைசியில் பார்ப்பது

வண்டி பிடித்துப்போய், விலையும் ஒத்துப்போன பிறகு கிராண்டைக் கேட்டால் மனம் எதையும் மன்னிக்கும். முதலில் கேளுங்கள். சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியில் தேடி கிராண்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் தேய்த்தது போலவோ மறுபடி அடித்தது போலவோ இருந்தால் எந்த விலையும் நியாய விலை இல்லை. கடன் கொடுத்த வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்; ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் பாக்கி, கறுப்புப் பட்டியல் ஏதும் உண்டா என்று விற்பவரையே அவருடைய மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் செயலி.

"மாசா மாசம் நீங்க கட்டிக்கிட்டு வாங்க" என்று கடன் முடியாத வண்டியைக் கைமாற்றும் சம்போங் பாயார் ஏற்பாட்டில், நீங்கள் எவ்வளவு கட்டினாலும் பெயர் அவருடையதே. விலை பாதியாக இருந்தாலும் ஒதுங்குங்கள்.

தோட்டப்புறத்தில் அடிக்கடி வருவது இறந்துபோனவர் பெயரில் நிற்கும் வண்டி. அப்பா ஓட்டியது, மகன் விற்கிறார். மகன் நல்லவராகவே இருக்கட்டும். சாதாரணப் பெயர் மாற்றத்துக்கு உரிமையாளர் தாமே சம்மதித்து அடையாளம் உறுதி செய்ய வேண்டும், அது முடியாது. அமானா ராயா (இறந்தவர் சொத்தைப் பார்க்கும் அரசு நிறுவனம்), நீதிமன்றம் அல்லது நில அலுவலகம் வழியாக வரும் ஆவணம் குடும்பத்தார் கையில் வரும் வரை பணம் கொடுக்காதீர்கள். கிராண்டே இல்லாத தோட்ட வண்டி என்றால் அதன் விலை சாமான் விலைதான். பொது ரோட்டில் ஏற்றவே முடியாது, திருட்டு வண்டியாக இருந்தால் கையில் வைத்திருப்பதே குற்றமாகலாம்.

தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சப்படுவது

விற்பவர் மாமா முறை, கோயில் கமிட்டியில் இருப்பவர், ஒரே தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) வளர்ந்தவர். அவர் முன்னால் குனிந்து செயினை இழுத்துப் பார்ப்பது அவமரியாதை மாதிரி தோன்றும். அதற்குத்தான் மெக்கானிக்கைக் கூட்டிப் போவது. அவருடைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், விற்பவரின் வழக்கமான பட்டறை ஆளாக மட்டும் இருக்க வேண்டாம். பேசும்போதும் "கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று கெஞ்சாமல் தாளைக் காட்டுங்கள்: "மாமா, சீல் 70, பேரிங் 60, வால்வ் சீல் 150." உறவுக்காரர் கோபிப்பது காரணம் சொல்லாமல் குறைத்துக் கேட்டால்தான்.

அவசரத்தையும் விற்பவரிடம் காட்டாதீர்கள். கூட்டுப் (சீட்டுப்) பணம் கையில் வந்த அன்றே, தீபாவளிக்கு முந்தின வாரமே வண்டி வேண்டும் என்று நிற்பவரிடம் யாரும் 200 வெள்ளி விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கடையில் கடனுக்கு எடுத்தால் மாதம் 145 என்பதை மட்டும் பார்க்க வேண்டாம். 36 மாதம் என்றால் 5,220. முன்பணத்தையும் சேர்த்து அந்த மொத்தத்தை உங்கள் நடு விலையோடு ஒப்பிடுங்கள்.

முன்பணம் கொடுத்தால் 100 வெள்ளிக்கு மேல் வேண்டாம். வண்டி எண், சேசிஸ் எண், பேசிய விலை, எந்தத் தேதிக்குள் பெயர் மாற்றுவது, சம்மன் இருந்தால் யார் கட்டுவது எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீதிப் பணம் பெயர் மாறும் அன்று, ஜே.பி.ஜே.யில், இருவர் அடையாளமும் உறுதியான பிறகு.