பணியாரம் ஒட்டினால் மாவைத் திட்டாதீர்கள்: வார்ப்பிரும்புப் பாத்திரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் பணியாரக்கல் இல்லாத அடுப்படி குறைவு. குழியைவிட்டுப் பணியாரம் கிளம்பாமல் அடம்பிடித்தால் முதலில் திட்டு வாங்குவது மாவுதான். உளுந்து கூடிப்போச்சு, சரியாகப் புளிக்கவில்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு கல்லில்தான் இருக்கும்.

வார்ப்பிரும்பில் எண்ணெய் பூசி நன்றாகச் சூடேற்றினால், அந்த எண்ணெய் இறுகி இரும்போடு பிடித்துக்கொண்டு கறுப்புப் படலமாகிவிடும். கையால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, வழவழப்பு மட்டும் இருக்கும். உணவை ஒட்டவிடாமல் பார்ப்பதும் துருவை அண்டவிடாமல் வைப்பதும் இந்தப் படலம்தான். இதைக் கெடுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்படிப் படலம் ஏற்றிக் கல்லைப் பழக்கும்போதே பலர் சறுக்குவது எண்ணெய் அளவில். குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தால் கல் நன்றாகப் பழகும் என்று நினைக்கிறார்கள். தடிமனாக நிற்கும் எண்ணெய் முழுதாக இறுகாது. பிசின் மாதிரி பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். புதுக்கல்லை முதலில் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். கடையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் போக வேண்டும் அல்லவா? அப்புறம் ஒரு துணியில் எண்ணெய் தொட்டுக் குழிகளின் உள்ளும் புறமும் பூசி, தப்பாகப் பூசிவிட்டவர் அவசரமாகத் துடைப்பதுபோல உலர்ந்த துணியால் அத்தனையையும் துடைத்துவிடுங்கள். மிஞ்சுகிற மினுமினுப்பு போதும். லேசாகப் புகை வரும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி பூசுங்கள். நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் கறுப்புக்குத் திரும்புவது தெரியும். வடிகஞ்சியில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. அழுக்கு கழல அது உதவும், படலம் என்னவோ எண்ணெயால்தான் வரும். ஊறப்போட்டால் தேய்த்துக் கழுவி உடனே காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருதான் மிச்சம்.

அடுத்தது புளி. அரிசி களைந்த நீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியை இரும்புச் சட்டியில் வைக்கவே வேண்டாம். புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்கப் படலத்தை அரிக்கும், இரும்பும் குழம்பில் இறங்கும். நிறம் கறுத்து, வாயில் இரும்பு வாடை அடிக்கும். இரும்புச் சத்து கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் மண்டியின் ருசி போய்விடும். அதற்கு மண்சட்டி இருக்கிறது. தாளிப்பதற்கும் வறுவலுக்கும் இரும்பை வைத்துக்கொள்ளுங்கள். புளித்த தோசை மாவு படுவது ஒரு சில நிமிடம்தான், அதனால் ஒன்றும் ஆகாது. வாழைப்பூவும் வாழைக்காயும் வேறு ரகம்: அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகும். கெட்டுப்போகவில்லை, ஆனால் விருந்தாளி முன் வைக்கக் கூசும். எதைச் சமைத்தாலும் சட்டியிலேயே இரவு வைத்துவிடாதீர்கள்.

வெள்ளைப் பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் குழி தேவையில்லை. காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி மாவை ஊற்றினால் அது தானாக வட்டமாக எழும்பி மிதக்கும். இதற்குக் கனமான இரும்புச் சட்டி தோதானது, எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறங்கவிடாது. ஆனால் வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகத்தான் பரப்பும். கேஸ் அடுப்பில் எடுத்த எடுப்பில் பெரிய தீ வைத்தால் நடுவில் கருகும், ஓரம் பச்சையாக இருக்கும். சிறு தீயில் தொடங்கிக் கொஞ்சம் பொறுங்கள்.

கொதிக்கும் கல்லில் பச்சைத்தண்ணீரை ஊற்றுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. மற்றதையெல்லாம் திரும்பப் பழக்கிச் சரிசெய்யலாம். விரிசல் விட்டால் அவ்வளவுதான். வார்ப்பிரும்பு உறுதியானது, ஆனால் வளையாது. கைதவறித் தரையில் போட்டாலும் உடையும்.

சோப்பு படவே கூடாது என்கிற பயம் தேவைக்கு அதிகம். கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் இறுகிய படலத்தை ஒன்றும் செய்யாது. இரும்பு நாரும் மணலும் போட்டுத் தேய்ப்பதும், தொட்டியில் ஊறப்போடுவதும்தான் ஆகாது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். மழைக்காலத்தில் பாத்திரத்தின் மேல் பாத்திரம் அடுக்குவதானால் நடுவில் காகிதம் வைத்தால் நல்லது. லேசாகத் துரு கண்டாலும் பதற வேண்டாம். தேய்த்துப் போக்கி மறுபடி பழக்கலாம்.

தோசைக்கல்லில் சப்பாத்தி சுடுவது வீட்டுச் சண்டைக்கே வழி. வறண்ட சூட்டில் படலம் எரிந்துபோகும், மறுநாள் தோசை எழும்பாது. இரண்டு கல் வைத்துக்கொள்வது மலிவு.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய இரும்புச் சாமான் வாங்கும் ஆசை இருந்தால், தூக்கிப் பிடித்து விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் எங்கேயாவது விரிசல் ஓடியிருக்கலாம், வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் நம்பி அடுப்பில் ஏற்றாதீர்கள், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். அங்கேயே வண்ண வண்ணமாக எனாமல் சட்டிகளும் கண்ணைப் பறிக்கும். உள்ளே இரும்பு என்றாலும் அவற்றைப் பழக்க முடியாது; பழைய எனாமல் வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம், எனாமல் பெயர்ந்த சட்டியில் சமைக்கவே கூடாது. அழகுக்காக வேண்டுமென்றால் செடி வைக்க வாங்குங்கள், அதற்கேற்ற விலை பேசி.