ஸ்பீன் பிரிட்ஜ் சிலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஸ்கொட்லாந்தில் பிள்ளைகள் இருக்கிற மட்டக்களப்புக் கல்லடி ஊர்க்காரர்கள் விசா கிடைத்ததும் என்னிடம் வழி கேட்டு வருகிறார்கள். கல்முனை பஸ் ஓட்டியவனுக்கு எந்த ஊர்ப் பாதையும் தெரியும் என்று நினைப்பு. ஸ்பீன் பிரிட்ஜில் இருக்கிற கொமாண்டோ நினைவுச்சிலைக்கு, அதாவது இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரித்தானிய அதிரடிப் படையினரின் நினைவுச்சிலைக்கு, நான் போனதே ஒருமுறைதான். சரி, சொல்கிறேன்.

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டில் போர்ட் வில்லியம் போகும் றெயினில் ஏறுங்கள். ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். நாளுக்கு ஒருசில றெயின்தான் என்பதால் திரும்பும் நேரத்தை முதலே பார்த்துவையுங்கள். கிரியன்லாரிக்கில் சில றெயின்களை இரண்டாகக் கழற்றுவார்கள், ஒரு பாதி ஓபன் என்ற வேறு ஊருக்குப் போய்விடும். எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஏறும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை. "அப்பா, எழும்புங்கோ!" என்று மகள் இழுத்துக்கொண்டு ஓடியதில் பிளேன்டீ முழுக்க என் சப்பாத்தில்.

இறங்குவது ஸ்பீன் பிரிட்ஜில். சிலைக்கு ஒரு மைல், ஏற்றம். முழங்கால் வலிக்காரர் காரில் போகலாம், பக்கத்திலேயே நிறுத்த இடம் உண்டு. ஆனால் நடக்க முடிந்தால் நடவுங்கள். 1942 முதல் அக்னகாரி பயிற்சி முகாமுக்கு வந்த கொமாண்டோக்களும் இதே நிலையத்தில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து முழுச் சுமையோடு 7 மைல் நடை. நம் பக்கத்தில் என்றால் மட்டக்களப்பில் தொடங்கி ஆரையம்பதியும் தாண்டவேண்டும். போய்ச் சேர்ந்தால் வாசலில் போலிக் கல்லறைகள், பயிற்சியில் என்ன பிழை விட்டுச் செத்தான் என்ற குறிப்போடு!

சிலையைக் கிட்டப்போய் அண்ணாந்து பார்க்காதீர்கள், கழுத்துத்தான் நோகும். பீடத்தோடு சேர்த்து 17 அடி உயரம் அது, சிலை வெண்கலம். முதலில் தள்ளி நில்லுங்கள். மூன்று பேர், தலையில் இரும்புத் தொப்பி இல்லை, கம்பளிக் குல்லா. ஸ்கொட் சதர்லாந்து என்ற சிற்பி செய்தது, 1952 செப்டெம்பர் 27இல் திறந்தார்கள். பிறகு பின்பக்கம் போய், அவர்கள் பார்க்கிற திசையிலேயே நீங்களும் பாருங்கள். 1345 மீற்றர் உயர பென் நெவிஸ் மலை அந்தப் பக்கம். எங்களுக்கு முதலில் வெறும் முகில்தான் தெரிந்தது. பொறுத்திருந்தோம், ஒரு கொஞ்ச நேரம் விலகியது. பீடத்தில் 'இந்த நாடு அவர்களின் பயிற்சிக்களம்' என்று எழுதியிருப்பதை அதற்குப் பிறகு வாசித்தால்தான் பிடிபடும்.

பக்கத்து நினைவுத் தோட்டத்தை விட்டுவிட்டு வராதீர்கள். எனக்குச் சிலையை விட அதுதான் பெரிது. பிந்திய போர்களில் இறந்த பையன்களின் படங்களும் அங்கே இருக்கின்றன. சாம்பலும் தூவுகிறார்கள், பார்த்துக் கால் வையுங்கள். நாவலடிச் சுனாமித் தூபிக்குப் போகிற பழக்கத்தில் மனைவி கைப்பையில் கற்பூரம் வைத்திருந்தாள். அங்கே கொளுத்த வேண்டாம் என்று மகள் தடுத்தாள், அடித்த காற்றில் நின்றும் எரியாது. போரில் இறந்தவர்களின் நினைவுக்கு அங்கே வைக்கிற காகிதப் பொப்பிப் பூ ஒன்று வைத்தோம்.

ஓகஸ்ட் என்றாலும் குடையை நம்பாமல் மழைக்கோட்டும், மாற்றிக்கொள்ள ஒரு சோடி மேஸும் கொண்டுபோங்கள். ஈரக் காலோடு மூன்றரை மணி நேரம் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.