ரோமா மக்களைப் பற்றி மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்ப்புப் பிரதிகளைச் செப்பனிடுவது என் வேலை. ரோமா மக்களுக்குப் பிறர் வைத்த ‘ஜிப்சி’ என்ற சொல் வந்ததும், புதியவர்கள் நான் அந்தக் காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். ஒற்றுப்பிழையை விடுங்கள், மெய்ப்பில் சரியாகிவிடும்.

நாடோடி என்று போடுவது

இதற்குத்தான் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு புத்தகத்தில், “1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸில் நாடோடிகள் கொல்லப்பட்டனர்” என்று இருந்தது. அச்சுக்குப் போனபிறகு கண்ணில் பட்டு, ஒரு அச்சுப் பாரம் முழுக்க மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. ஏதோ வழிப்போக்கர்கள் மாட்டிக்கொண்டதுபோல அல்லவா இருக்கிறது! அன்றிரவு அந்த நாஜி வதைமுகாமின் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் ரோமா மக்களும், ஜெர்மனிப் பக்கத்து ரோமா கிளையினரான சிந்தி மக்களும் (சிந்து மாகாணத்துச் சிந்திகள் அல்லர்), ஏறக்குறைய 4,300 பேர். வீடு, வேலை, பள்ளிக்கூடம் என்று ஊரோடு இருந்த பலரையும் இனத்தைக் காரணம் காட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து வந்திருந்தார்கள்.

போர் முடிந்தும் சாக்கு ஓயவில்லை. இந்த மக்கள்மீது நாஜிகள் 1943-க்கு முன் எடுத்த நடவடிக்கைகள் இனவெறியால் வந்தவை அல்ல, குற்றத் தடுப்புக்காக எடுக்கப்பட்டவை என்று 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பலருக்கு இழப்பீடு கிடைக்காமல் போனது. நடந்தது இனப்படுகொலைதான் என்று அரசு ஒப்புக்கொண்டது 1982-இல். நாம் போடும் ‘நாடோடி’ அந்தப் பழைய சாக்குக்குத் துணைபோகிறது.

இன்றைக்கும் ஐரோப்பாவின் ரோமா மக்களில் பெரும்பாலோர் ஓரிடத்தில் குடியிருப்பவர்கள்தான். வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் ரோமா பெரும்பான்மையாக உள்ள ஷுட்டோ ஒரிசாரி ஒரு தனி நகராட்சி.

எகிப்து

எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில் பிறந்த பெயர்தான் ஜிப்சி. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இவர்களுக்கு எதிராக 1530-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே ‘எகிப்தியர் சட்டம்’. எகிப்துக்காரர்களுக்கும் இங்கிலாந்துக்கும் என்ன தகராறு என்று ஒரு தம்பி கேட்டார். உண்மையில் ரோமா மக்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் பேசும் ரோமானி மொழியில், இந்தியைப் போலவே, தண்ணீருக்குப் ‘பானி’ என்றுதான் பெயர்.

ருமேனியா

ரோமா என்ற பெயருக்கும் ருமேனியாவுக்கும் சம்பந்தமில்லை.

குறவர் என்று போடுவது

வேண்டாம். அவர்கள் வேறு மக்கள்.

எல்லா இடத்திலும் ரோமா என்று மாற்றுவது

திட்டு வாங்கியவர்கள் அடுத்துச் செய்வது இது. பிரிட்டனில் தங்களை ஜிப்சி என்றே சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஐரிஷ் டிராவலர்கள் ரோமாவே அல்லர், அயர்லாந்தில் தோன்றிய தனிச் சமூகம். அப்புறம், பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது அதில் இருக்கும் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, விளக்கத்தை அடிக்குறிப்பில் போடுங்கள்.